தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க



வருசக் கடைசி வந்தாலே பத்திரிகையிலயும் யூடியூப்லயும் ஒரே பட்டியல் மயம். அடுத்த வருசம் போக வேண்டிய பத்து நாடு, ஐம்பதாயிரத்துக்குள்ள போயிட்டு வரக்கூடிய அஞ்சு தீவு, விசா இல்லாம போற எடம் இத்தனைன்னு போட்டுக்கிட்டே இருக்காங்க. கடல் என்ன நெறம், ஹோட்டல் என்ன வெல, எந்த மூலையில நின்னா போட்டோ நல்லா வரும்னு எல்லாம் சொல்றாங்க. அந்த ஊருக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது, நாம போற மாசத்துல அது போதுமா, நாம குளிச்சா அங்க யாருக்குக் கொறையும்னு ஒரு பட்டியல்லயும் இல்ல. ஒரு விவசாயி கண்ணுக்கு முதல்ல படறது அதுதான். அதனாலதான் இத எழுதறேன்.

பட்டணத்துல இருக்கறவங்களுக்காக ஒரு வார்த்தைய மொதல்ல சொல்லிடறேன். ஆத்துத் தண்ணி வாய்க்கால்ல வரும்போது முதல்ல பாயற நெலம் தலைமடை, கடைசியா பாயற நெலம் கடைமடை. தண்ணி நெறைய வந்தா ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. கொறஞ்சா தலைமடையில பயிர் நிக்கும், கடைமடையில வாய்க்கால் காஞ்சு கெடக்கும். இன்னிக்கு உலகத்துல பேர்போன சுற்றுலா ஊருங்க பலதுலயும் இதே கததான். ஹோட்டலும் நீச்சல் குளமும் தலைமடை. அந்த ஊர்க்காரனும் அவன் வயலும் கடைமடை.

பார்சிலோனாவ எடுத்துக்கங்க. ஸ்பெயின்ல கேட்டலோனியா பகுதி. மூணு வருசமா மழை சரியா இல்லாம, 2024 பிப்ரவரியில அங்க வறட்சி அவசர நிலை அறிவிச்சாங்க. வீட்டுக்காரங்களோட ஒரு நாள் தண்ணிக் கணக்கு ஆளுக்கு 200 லிட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு வச்சாங்க. தொழிற்சாலைக்கு 25 சதவீதம் வெட்டு. ஆடு மாடு வளக்கறவங்களுக்கு 50 சதவீதம் வெட்டு. பாசனத்துக்கு எவ்வளவு தெரியுமா? 80 சதவீதம். பத்து மடை பாஞ்ச எடத்துல ரெண்டு மடை. அதே நேரத்துல அந்தக் கடற்கரை ஊர் ஹோட்டல்காரங்க நீச்சல் குளத்த நெரப்ப என்ன வழின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. யோரெட் தே மார்ங்கற ஊர்ல கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கற மெஷின் ஒண்ண அதுக்காகவே வாங்கலாம்னு திட்டம் போட்டாங்க. அந்த வருசம் ஜூலையில பார்சிலோனா தெருவுல ஊர்க்காரங்க வெளிநாட்டுப் பயணிங்க மேல பொம்மைத் துப்பாக்கியால தண்ணி அடிச்சத நம்ம டிவியிலயும் வேடிக்கையா காட்டினாங்க. வீட்டு வாடகை ஏறிப்போன கோவம்தான் அதுல பெருசு. ஆனா தண்ணிக்கு அளவு வச்ச ஊர்ல, அஞ்சு மாசத்துல நடந்த விஷயம் அது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன். 2018-ல குழாய்ல தண்ணி நிக்கப் போற நாள்னு ஒரு நாளையே குறிச்சு வச்சிருந்தாங்க. 'டே ஜீரோ'ன்னு பேரு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான். ஊர்க்காரனும் சரி, வந்த பயணியும் சரி, ரெண்டு நிமிசத்துல குளிச்சு முடிக்கணும்னு ஹோட்டல்ல எழுதி வச்சாங்க. அப்ப பக்கத்துல க்ராபோ பகுதியில ஆப்பிள், பேரி தோட்டம் வச்சிருக்கற விவசாயிங்க, அவங்க பாசன சங்கத்து அணையிலேர்ந்து 1000 கோடி லிட்டர் தண்ணிய பட்டணத்துக்குத் தொறந்து விட்டாங்க. காசு வாங்காம. அந்த நாள் வராமலே போனதுக்கு அதுவும் ஒரு காரணம். கேப் டவுனுக்குப் போறவங்க டேபிள் மலையப் பாத்துட்டு வர்றாங்க. அந்த ஊர் காஞ்சு போகாம நின்னதுல பங்கு உள்ள அந்தத் தோட்டத்துப் பக்கமும் ஒரு எட்டு போயிட்டு வரலாம்.

இப்ப நம்ம ஆளுங்க கூட்டம் கூட்டமா போற பாலிக்கு வர்றேன். இதப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

பாலியில 'சுபக்'னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒரே தண்ணியில பாயற வயல்காரங்க எல்லாரும் சேர்ந்த சங்கம் அது. ஆயிரம் வருசப் பழசு. யாருக்கு எப்ப மடை, எப்ப நாத்து, எப்ப நெலத்தக் காயப் போடறதுன்னு அவங்களே கோயில்ல கூடி முடிவு பண்ணுவாங்க. நம்ம ஊர் குடிமராமத்தும் முறைத் தண்ணியும் ஞாபகம் வருதா? அதே மாதிரிதான். நீங்க எல்லாரும் போட்டோ எடுத்துட்டு வர்றீங்களே, பெரதான் ஏரி ஓரமா தண்ணிக்குள்ள நிக்கற மாதிரி அடுக்குக் கூரைக் கோயில், அது ஏரித் தண்ணிக்கான தேவி டானுவோட கோயில். அந்தப் பாசன ஏற்பாட்டோட ஒரு அங்கம்தான் அது.

1970-கள்ல அரசாங்கம் புது நெல் ரகத்தக் கொண்டு வந்து, கோயில் முறையெல்லாம் வேண்டாம், முடிஞ்ச வரைக்கும் தொடர்ந்து நடுங்கன்னு சொல்லிச்சு. ஆளுக்கொரு நேரத்துல நட்டாங்க. ஒரு வயல்ல அறுத்தா பக்கத்து வயல் பச்சையா நிக்கும். புகையானுக்கு வருசம் பூரா விருந்து. பயிர் படுத்துருச்சு. ஸ்டீபன் லான்சிங்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்கயே தங்கிப் பாத்து, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, ஒட்டுமொத்தமா ஒரே நேரத்துல நட்டு ஒரே நேரத்துல காயப் போட்டாதான் பூச்சியும் அடங்கும், தண்ணியும் எல்லாருக்கும் எட்டும், பழைய முறை அததான் செஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு காட்டினாரு. அப்புறம் பழைய முறைக்கே திரும்பினாங்க. 2012-ல யுனெஸ்கோ இத உலகப் பாரம்பரியச் சொத்துன்னு அறிவிச்சுது.

அறிவிச்சு என்ன? சங்கு பக்கமெல்லாம் வயலா இருந்த நெலம் இன்னிக்கு வில்லாவும் காபிக் கடையுமா நிக்குது. வில்லாவுக்கு ஒரு போர், அதுக்குப் பக்கத்துல இன்னொரு போர். வாய்க்கால் நடுவுல ஒருத்தன் மதில் எழுப்பினா, கீழ இருக்கற பத்து வயலுக்கும் தண்ணி போகாது. அந்த வயல்காரன் என்ன பண்ணுவான்? அவனும் வித்துருவான். எந்தப் பச்சை வயலப் பாக்க நாம பறந்து போறோமோ, அந்த வயலையே நாம தங்கற கட்டடம் முழுங்குது.

இதுல மாசக் கணக்கு ஒண்ணு இருக்கு. பாலியில மழை இல்லாத காலம் ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும். உலகமே அங்க கூடற மாசம் ஜூலை, ஆகஸ்ட். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ்லயும் அப்படித்தான். வெயில் காலத்துல அங்க மழை கெடையாது, கூட்டம் வர்றதும் அப்பதான். பயிர் தண்ணி கேக்கற அதே மாசத்துல ஷவரும் நீச்சல் குளமும் கேக்குது. வெயில் அடிச்சாதான் சுற்றுலா, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா உச்ச மாசத்துக்கு ஒரு மாசம் முன்ன பின்ன போனா ஊருக்கும் மூச்சு விட எடம் இருக்கும், உங்களுக்கும் ஹோட்டல் வாடகை கொறையும்.

"அண்ணே, நாங்க போறதாலதான அந்த ஜனங்களுக்குப் பொழப்பு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வராதீங்கன்னு நான் சொல்லல. கொரோனாவுல விமானம் நின்னப்போ பாலியில ஹோட்டல் வேலைக்காரங்க, டிரைவருங்க எல்லாம் தவிச்சுப் போயிட்டாங்க. அதுல பல பேரு ஊருக்குத் திரும்பி வயல்ல எறங்கினாங்க. லெம்போங்கான் தீவுல ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தவங்க மறுபடியும் கடல்பாசி வளக்கப் போனாங்க. அந்த ரெண்டு வருசத்துல கஞ்சி ஊத்தினது நெலமும் கடலும்தான். சுற்றுலா வருமானம் வேணும். ஆனா அது விழும்போது தாங்கிப் பிடிக்க நெலம் மிச்சம் இருக்கணும். நாம போற போக்குல அந்த நெலத்தையே காலி பண்ணிட்டு வந்தா, பொழப்பு குடுத்தோம்னு எப்படிச் சொல்ல முடியும்?

அதே மாதிரி, அளவு வைக்கற ஊர் மேல கோவப்படாதீங்க. தாய்லாந்துல மாயா பே கடற்கரை ஒரு சினிமாவால பேர் வாங்கி, ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் பேர் வரைக்கும் எறங்கினாங்க. பவளப் பாறை செத்துப் போச்சு. 2018-ல மூடிட்டாங்க. 2022 ஜனவரியிலதான் தொறந்தாங்க. நடுவுல ஆள் இல்லாத அந்தத் தண்ணிக்குச் சுறா மீன்கள் தானா திரும்பி வந்துச்சு. வெனிஸ்ல 2024-லேர்ந்து, கூட்டம் உள்ள நாள்ல ஒரு நாள் மட்டும் பாத்துட்டுப் போறவங்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கறாங்க. அந்தப் பழைய ஊர்ல குடியிருக்கற ஜனம் அம்பதாயிரத்துக்கும் கீழ வந்துருச்சு. ஊர்னு இருக்கணும்னா அதுல ஊர்க்காரன் இருக்கணும்ல? பூட்டான் வெளிநாட்டுக்காரங்ககிட்ட ராத்திரிக்கு 100 டாலர் வாங்குது, நம்மகிட்ட 1,200 ரூபா. நம்ம ஊட்டி, கொடைக்கானலுக்கே கோர்ட் சொல்லி 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வந்துருச்சு. கடைமடைக்கும் தண்ணி போகணும்னு தலைமடையில மதகு வச்ச மாதிரிதான் இதெல்லாம். அது இல்லாம பாசனம் கெடையாது.

சரி, எங்கதான் போறதுன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

இத்தாலிக்குப் போற வசதி இருந்தா, ரோமும் வெனிஸும் ஓடி ஓடிப் பாக்கறத விட்டுட்டு, நாலு நாள் ஒரு 'அக்ரிடூரிஸ்மோ'வுல தங்குங்க. விவசாயி தன் பண்ணையில விருந்தாளிய தங்க வைக்கற ஏற்பாடு. 1985-லயே அதுக்குச் சட்டம் போட்டாங்க. விவசாயம்தான் முதல் தொழில், விருந்தோம்பல் ரெண்டாவதுதான்னு அந்தச் சட்டமே சொல்லுது. பயிர் வைக்காதவன் அந்தப் பேர்ல போர்டு மாட்ட முடியாது. நம்ம ஊர்ல 'பண்ணை வீடு'ன்னு போர்டு மாட்டி உள்ள புல்தரை மட்டும் வச்சிருக்கறவங்க இதப் படிக்கணும்.

வியட்நாம் போறவங்க வடக்க மலைப்பக்கம் மூ காங் சாய்க்குப் போங்க. மங் இன மக்கள் மலையச் செதுக்கிப் படிப்படியா வயல் போட்டிருக்காங்க. வருசத்துக்கு ஒரே போகம். மே, ஜூன்ல தண்ணி கட்டுவாங்க, செப்டம்பர் கடைசியில கதிர் முத்தி மலையே மஞ்சளா இருக்கும். வயல் வரப்புல நடக்கறப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. வரப்பு ஒடஞ்சா கீழ் வயலுக்கும் சேதம். போட்டோவுக்காகப் பத்துப் பேரு ஒரே எடத்துல ஏறி நிக்காதீங்க.

செலவு கொறைவா வேணும்னா இலங்கை. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் தெற்கு, மேற்குக் கரை நல்லா இருக்கும். மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் திருகோணமலை பக்கம். நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு 2023-ல கப்பல் விட்டாங்க. கடல் சரியில்லன்னா ஓடாது, கேட்டுட்டுக் கெளம்புங்க. பொலன்னறுவையில பராக்கிரம சமுத்திரம்னு 12-ஆம் நூற்றாண்டு ஏரி இருக்கு, இன்னமும் வயலுக்குப் பாயுது. 2021-ல ராத்திரியோட ராத்திரியா ரசாயன உரத்துக்குத் தடை போட்டு, அதே வருசம் நவம்பர்ல வாபஸ் வாங்கினாங்க. அந்த அடியத் தாங்கின விவசாயிங்க அந்தப் பக்கம் எல்லாம் இருக்காங்க. பெரிய ரிசார்ட்ட விட அவங்க வீட்டுல ஒரு அறை எடுத்துத் தங்கினா, காசு நேரா அடுப்படிக்குப் போகும்.

எந்த நாடா இருந்தாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. நாம போற மாசம் அந்த ஊருக்கு மழைக்காலமா, வறட்சிக்காலமா? தங்கற எடத்துல தண்ணி ஆத்துதா, போர்தா, லாரிதா? ராத்திரி தங்கற காசு அந்த ஊர்க்காரன் கைக்குப் போகுதா? அங்க வெளையறது நம்ம தட்டுக்கு வருதா, இல்ல எல்லாம் கப்பல்ல வந்து எறங்குதா? கூகுள்ல தேடினாலே பாதிக்குப் பதில் கெடச்சுரும். மீதிய ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. பதில் சொல்லத் தயங்கறவன்கிட்ட ஏன் தங்கணும்?

ஏழு நாள்ல அஞ்சு ஊர்னு ஓடாதீங்க. ஒரே ஊர்ல ஏழு நாள் இருங்க. மூணாவது நாள்தான் டீக்கடைக்காரருக்கு நம்ம மொகம் பழகும். அஞ்சாவது நாள்தான் இந்த வருசம் மழை எப்படின்னு அவரு வாய் தொறப்பாரு. எங்க போறதா இருக்கீங்க, ஏன் அந்த ஊருன்னு கீழ எழுதுங்க. அந்த ஊர் வெவசாயம் எப்படின்னு போயிட்டு வந்தவங்க சொன்னா எனக்கும் ஒண்ணு தெரிஞ்ச மாதிரி இருக்கும்.