டிங்... டிங்... வண்டி எங்கே?



உங்களில் எத்தனை பேர் டிராம் வண்டியைப் பார்த்திருக்கிறீர்கள்? "மதராசப்பட்டினம் சினிமாவில் பார்த்தோம், தாத்தா" என்று சிலர் சொல்வீர்கள். சரிதான். ஆனால், அது சினிமாவுக்காகச் செய்த வண்டி. அசல் டிராமைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், ஒருவர்கூடத் தூக்க மாட்டீர்கள். நானும் தூக்க மாட்டேன்!

நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனம். எங்கள் தாத்தா மல்லாட்டை வியாபாரி. மாதம் ஒரு முறை பட்டணம் போவார். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, டிராம் ஏறி பாரிமுனைக்குப் போவாராம். இரவில் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார்.

"தெருவிலேயே தண்டவாளம்டா! மாடும் போகும், மனுஷனும் போவான், நடுவுல டிராமும் போகும். டிரைவர் காலால ஒரு மிதி மிதிப்பார். டிங்... டிங்...னு மணி அடிக்கும். எல்லாரும் ஒதுங்கிடுவாங்க."

எட்டு வயதில் என்னை முதல் முறையாகச் சென்னைக்கு அழைத்துப் போனார். இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, டிராம் எங்கே?"

"அதை நிறுத்திட்டாங்கடா."

"நிறுத்தின வண்டியெல்லாம் எங்கே இருக்கு?"

தாத்தாவிடம் பதில் இல்லை. தார் ரோட்டைக் கைகாட்டி, "இங்கதான் போச்சு" என்றார். நான் ரோட்டையே பார்த்துக் கொண்டு நின்றேன்.

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய நாள் 1895-ஆம் ஆண்டு மே 7. லண்டன் மாநகரத்துக்கு மின்சார டிராம் 1901-ல்தான் வந்தது. அதற்கு முன்பே நம் ஊரில் வந்து விட்டது! முதலில் மின்சாரக் கம்பியைத் தலைக்கு மேலே கட்டவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளம் வெட்டி, பூமிக்கு அடியில் வைத்தார்கள். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் புகுந்து தொல்லை கொடுத்தது. பிறகு கம்பியை மேலே கொண்டு போனார்கள். 1921-ல் 97 வண்டிகள், சுமார் 24 கிலோ மீட்டர் பாதையில் ஓடின. பஸ்கள் பெருகின. கம்பெனி நஷ்டத்தில் விழுந்தது. 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு சென்னை டிராம் நின்றது.

கான்பூரில் 1933-ல் நின்றது. டெல்லியில் 1963-ல் நின்றது. மும்பையில் 1964-ல் நின்றது. மிஞ்சியது கொல்கத்தா ஒன்றுதான்.

கொல்கத்தாவில் 1873-ஆம் ஆண்டு குதிரைகள் டிராமை இழுத்தன. 1902-ல் மின்சாரம் வந்தது. 2023-ல் அதற்கு 150 வயது! ஆனால், அடுத்த ஆண்டே, 2024 செப்டம்பரில், மேற்கு வங்க அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. எஸ்பிளனேடு முதல் மைதானம் வரை ஒரே ஒரு தடத்தை மட்டும் பழைமைச் சின்னமாக வைத்துக் கொண்டு, மற்ற தடங்களை நிறுத்தப் போவதாகச் சொன்னது. அந்த நகரத்தில் சாலைகளுக்கு இருக்கும் இடம் 6 சதவீதம்தான், டிராமால் நெரிசல் ஏற்படுகிறது என்பது அரசு சொன்ன காரணம். புகை விடாத, கட்டணம் குறைந்த வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, பிள்ளைகளே. நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றால் யாருக்குத்தான் பதறாது? வண்டிக்கு வயதாகிவிட்டால் ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும். நானே ஓய்வு பெற்ற வாத்தியார்தானே! ஓய்வு கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஓய்வு கொடுத்த கையோடு எல்லாவற்றையும் உடைத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

'ஒரு வண்டியைக் கொண்டு போய்ப் பூங்காவில் நிறுத்திவிட்டால் போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது. வெயிலிலும் மழையிலும் நின்றால் இரும்பு துருப்பிடிக்கும். மரத்தைக் கரையான் அரிக்கும். திருகாணி, கைப்பிடி, விளக்கு என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பத்து வருடத்தில் அது வெறும் கூடு.

ஒரு பழைய டிராமைக் காப்பாற்ற நான்கு பொருத்தங்கள் வேண்டும். நிற்க ஒரு கூரை. மாற்றிப் போட உதிரி பாகங்கள். பழுது பார்க்கத் தெரிந்த கைகள். ஓடிப் பார்க்கக் கொஞ்சம் தண்டவாளம். இதில் கடைசியாகச் சொன்னதை மறந்து விடாதீர்கள். ஓடுகிற வண்டியைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். எண்ணெய் போடுவார்கள், துடைப்பார்கள், புதிதாக ஒருவருக்குத் தொழில் கற்றுக் கொடுப்பார்கள்.

இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. நம் கோயில் தேரைப் பாருங்கள்! மயிலத்தில் பங்குனி உத்திரத் தேர் பார்த்திருப்பீர்களே! திருவாரூர் ஆழித் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று கிடந்தது. 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலை அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. பழைய தேர், புதிய பிரேக்! நீலகிரி மலை ரயிலுக்கும் அப்படித்தான். அதற்கென்று திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிய நீராவி எஞ்சின்களே செய்து கொடுத்தார்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

வெளிநாடுகளிலும் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1994-ல் நகரைச் சுற்றி ஒரு டிராம் தடம் தொடங்கி, பழைய மாதிரி வண்டிகளை அதில் இலவசமாக ஓட விட்டார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1995 முதல், பல ஊர்களில் ஓய்வு பெற்ற டிராம்களை வாங்கி வந்து, பழுது பார்த்து, சாதாரணப் பயணிகளை ஏற்றிக் கொண்டு ஓட்டுகிறார்கள்.

நம் ஈழத் தமிழ் உறவுகள் நிறையப் பேர் வாழும் கனடாவின் டொரண்டோவில், 1972-ல் டிராமே வேண்டாம் என்ற திட்டத்தை ஊர் மக்கள் சேர்ந்து நிறுத்தினார்கள். 1979 முதல் புது மாதிரி டிராம்கள் 196 அங்கே ஓடின. 40 ஆண்டுகள் உழைத்த அவை 2019 டிசம்பர் 29-ஆம் தேதி ஓய்வு பெற்றன. அன்று ஜனங்கள் கூட்டமாக வந்து, கடைசிப் பயணம் போய், கையசைத்து வழியனுப்பினார்கள். பெரும்பாலான வண்டிகள் உடைக்கப்பட்டன. ஆனால், சிலவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். அந்த ஊர்ப் பேரப் பிள்ளை கேட்டால், தாத்தா தார் ரோட்டைக் காட்ட வேண்டியதில்லை!

இப்போது என் தப்பையும் சொல்லி விடுகிறேன். ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மீட்டர் கேஜ் ரயிலில்தான் போய் வருவேன். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரே ஒரு மீட்டர் அகலம். இன்று நீங்கள் போகும் அகலப் பாதையில் அது 1.676 மீட்டர். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் 2004-ல் நின்று விட்டது. போன மாதம் என் பேரன் கேட்டான், "தாத்தா, நீங்க போன அந்தக் குட்டி ரயில் எப்படி இருக்கும்?" வருடக் கணக்காக அதில் போனவன் நான். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் நின்று, "இங்கதான் போச்சு" என்று கைகாட்டினேன். என் தாத்தா காட்டியது போலவே!

ஆகவே, பிள்ளைகளே, அரசுகள் எந்த வண்டிக்கு ஓய்வு கொடுத்தாலும், அந்த வகையில் ஒன்றையாவது ஓடும் நிலையில் காக்க வேண்டும். எதைக் காப்பது என்று கடைசி ஓட்டத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். உடைத்த பிறகு அழுது பயனில்லை.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா, பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். சின்ன வயதில் எதில் ஏறிப் போனார்கள், டிக்கெட் எவ்வளவு, என்ன சத்தம் கேட்டது என்று கேட்டு எழுதுங்கள். தேதியும் போடுங்கள். அப்புறம், இன்று நீங்கள் பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸையும் ஒரு படம் வரைந்து வையுங்கள். அதுவும் ஒரு நாள் ஓய்வு பெறும். அன்று உங்கள் பேரன் கேட்பான். நீங்களாவது ரோட்டைக் காட்டாமல் நோட்டைக் காட்டுங்கள்!

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா