மே மாதக் கணக்கும் ஜனவரிப் பசியும்

மலாவியில் இந்த ஆண்டு விளைச்சல் பரவாயில்லை என்று ஒரு கணிப்பு வந்தால், அந்த நாட்டின் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். கணிப்பு சரியாகவே இருந்தாலும் அந்த முடிவு தவறாகிவிடலாம். ஏன் என்று நிதானமாகப் பார்ப்போம்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் வாழும் நாடு மலாவி. பெரும்பாலோர் ஓரிரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பியிருப்பவர்கள். சாப்பாடு என்றாலே அங்கு ந்சிமாதான்: வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி. நவம்பரில் தொடங்கும் மழை ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அறுத்ததை வைத்துத்தான் அடுத்த அறுவடைவரை ஓட்ட வேண்டும்.

அந்த ஒற்றை மழைப்பருவத்திலும் மொத்தத்தில் எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதே முக்கியம். பூத்து மணி பிடிக்கும் சில வாரங்களில் மண் காய்ந்தால், பயிர் ஆள் உயரம் நிற்கும். கதிரை உரித்தால் பாதி சக்கையாக இருக்கும். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தெற்கு மாவட்டங்களின் வயல்களை மூழ்கடித்தது. அடுத்த பருவத்தை எல் நினோ வறட்சி வாட்டியது. 2024 மார்ச்சில், நாட்டின் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர்ப் பகுதியாக அறிவித்தார் அப்போதைய அதிபர் லாசரஸ் சக்வேரா.

மழை கைகொடுத்த ஆண்டிலும் பசி வருகிறதே, அதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஏழை உழவர் அறுத்த கையோடு சில மூட்டைகளை விற்கிறார். உரக்கடன், பள்ளிச் செலவு, உப்பு, சோப்பு எல்லாம் காத்திருக்கின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை அடிமட்டத்தில் கிடக்கும். மீதியை வைத்திருந்தாலும் வண்டு துளைத்துவிடும். டிசம்பரில் மூங்கில் குதிர் காலி. விற்ற தானியத்தையே அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். காசுக்கு வழி ‘கன்யு’, அதாவது அன்றாடக் கூலி. சொந்த மக்காச்சோளம் களையெடுப்புக்குக் காத்திருக்கும் அதே நாட்களில் அவர் அடுத்தவர் நிலத்தில் களை கொத்துகிறார். இந்த ஆண்டுப் பசி அடுத்த ஆண்டு விளைச்சலையும் இப்படித்தான் தின்கிறது. விளைச்சல் கணிப்பு இதைக் காட்டுவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுவே.

கணிப்பை மட்டும் நம்பியதன் விலையை மலாவி ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2001-இல் மக்காச்சோளம் குறைந்தது. மரவள்ளி போன்ற கிழங்குகள் ஈடுகட்டிவிடும் என்று மிகையான மதிப்பீடு ஆறுதல் சொன்னது. அரசின் தானியக் கையிருப்போ ஏறக்குறைய முழுவதும் விற்கப்பட்டிருந்தது. 2002 தொடக்கத்தில் பட்டினியால் பல நூறு பேராவது மாண்டார்கள்.

ஆகவே விளைச்சல் எத்தனை டன் என்பதோடு மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். அரசுக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது? ஜனவரியில் சந்தை விலை எங்கே நிற்கும்? அன்று ஒருநாள் கூலிக்கு எத்தனை கிலோ மக்காச்சோளம் கிடைக்கும்? பிப்ரவரி, மார்ச்சில் பச்சைக்கதிர் வரும்போது கிராமங்கள் மூச்சுவிடும். அதுவரை தாங்க முடியாத வீடுகளில் மணி முற்றுமுன்பே கதிரை ஒடித்து வேகவைத்துவிடுகிறார்கள். மே மாதக் கணக்கில் வர வேண்டிய மூட்டை அங்கேயே குறைந்துவிடுகிறது.