புளிக்கு வைத்த பணம் பங்குக்குப் போகலாமா?



ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலும், பக்கத்திலுள்ள நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊர்களிலும் மளிகைக் கடையும் மலைச்சரக்குக் கொள்முதலும் செய்துவரும் நம் வணிகர்கள், இப்போதெல்லாம் சரக்கு விலையோடு பங்கு விலையையும் சேர்த்தே விசாரிக்கிறார்கள். இதில் வியப்பில்லை. கைப்பேசி ஒன்று இருந்தால் போதும், கடைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே டீமேட் கணக்கு தொடங்கிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 முடிவில் 18 கோடியைத் தாண்டிவிட்டன. மலைமேல் இருக்கும் நாம் மட்டும் இதற்கு விலக்காக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதில் போட்டால் நல்லது?" என்பதாக இருக்கிறது. நம் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. "இந்தப் பணம் எனக்கு எப்போது திரும்ப வேண்டும்?" என்பதே முதல் கேள்வி. இதற்கு விடை தெரிந்தவருக்கு மற்ற கேள்விகளில் பாதி தானே தீர்ந்துவிடும். அடிக்கடி எழும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைப் பணத்தைப் பங்கில் போடலாமா?

மலை வியாபாரத்துக்கு ஒரு பருவம் உண்டு. மாசி, பங்குனியில் புளி இறங்கும். சாமைக்கு ஒரு காலம், பலாவுக்கு ஒரு காலம், சீதாப்பழத்துக்கு ஒரு காலம். புளிப் பருவத்தில் கையில் ரொக்கம் வைத்திருப்பவரே கொள்முதல் செய்ய முடியும். பருவம் முடிந்து, சரக்கைக் கீழே திருப்பத்தூருக்கு அனுப்பிப் பணம் வந்த பிறகு, அந்தத் தொகையில் ஒரு பகுதி சில மாதங்கள் கல்லாவில் சும்மா இருக்கிறது. "தூங்கும் பணத்தைப் பங்கில் போட்டு, அடுத்த மாசிக்குள் எடுத்துக்கொண்டால் என்ன?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 2008 ஜனவரித் தொடக்கத்தில் மும்பை சென்செக்ஸ் 20,000 புள்ளிகளுக்கு மேல் நின்றது. 2009 பிப்ரவரியில், அதாவது மறு புளிப் பருவம் தொடங்கும் நேரத்தில், அது 10,000க்குக் கீழே கிடந்தது. சென்செக்ஸ் போன அளவுக்கே அவருடைய பங்குகளும் போயிருந்தால், 1 லட்சம் போட்டவர் கையில் 50 ஆயிரம்கூட வந்திருக்காது. சந்தை பழைய உயரத்தை மீண்டும் எட்டிப் பார்த்தது 2010 நவம்பரில். அதுவரை காத்திருக்க முடிந்தவருக்குச் சேதமில்லை. ஆனால் புளி காத்திருக்குமா?

இன்னொரு முறையும் இதே பாடம் வந்தது. 2020 ஜனவரியில் 42,000ஐ நெருங்கிய சென்செக்ஸ், மார்ச் 23ஆம் தேதி 26,000க்குக் கீழே முடிந்தது. சரியாகப் பங்குனி மாதம். அந்த ஆண்டு நவம்பருக்குள் சந்தை மீண்டுவிட்டது என்பது உண்மை. பங்குனியில் பணம் தேவைப்பட்டவருக்கு அந்த நவம்பரால் என்ன பயன்?

இதில் நட்டம் வணிகரோடு நிற்பதில்லை. உள்ளூர்க் கடைக்காரரிடம் ரொக்கம் இல்லையென்றால், மரம் உலுக்கிப் புளி சேர்த்த மலைவாசிக் குடும்பம், முன்பணம் தருகிறேன் என்று வரும் வெளியாளிடம் அவர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டிவரும். பல வருட வாடிக்கை ஒரே பருவத்தில் கைமாறிப் போகும். எனவே ஓராண்டுக்குள் தேவைப்படும் கொள்முதல் பணம் பங்கு பக்கமே போகக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து. அதற்குரிய இடம் வங்கிக் கணக்கும், பருவத்துக்கு முன் முதிர்கிற குறுகிய கால டெபாசிட்டும்தான்.

கையில் உபரி இருந்தால் முதலில் என்ன செய்வது?

கடனை அடைப்பது. "இரண்டு வட்டி" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 ரூபாய். அந்தக் கடனை வைத்துக்கொண்டே பங்கு வாங்குகிறவர், ஆண்டுக்கு 24 சதத்துக்கு மேல் ஈட்டினால்தான் தப்பிப்பார். பெரிய நிதி மேலாளர்களே அதைத் தொடர்ந்து செய்ய முடியாமல் திணறுகிறார்கள். கடனை அடைத்தாலோ அந்த 24 சதம் நிச்சயமான லாபம்.

அடுத்தது மொத்த வியாபாரியின் பாக்கி. ஒரு மாதத் தவணையில் வாங்கும் சரக்குக்கு உடனே ரொக்கம் கொடுத்தால் 2 சதம் கழிவு தருவதாக அவர் சொன்னால், அதுவும் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 24 சதமே. வாங்கும்போதே லாபம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். தன் கடைக்குள்ளேயே இப்படிப்பட்ட முதலீட்டை வைத்துக்கொண்டு வெளியே தேடி அலைய வேண்டுமா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு லாபம் எதிர்பார்க்கலாம்?

இந்தக் கேள்வியில்தான் நம் வட்டாரம் பெரிய அடி வாங்கியது. மாதம் 25 முதல் 30 சதம் தருவதாகச் சொல்லி ஆருத்ரா கோல்டு நிறுவனம் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் வழக்குப் பதிந்தது. காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிறுவனத்தின் மீதும் அதே ஆண்டு வழக்கு வந்தது. போட்டவர்களில் கூலிக்காரர் முதல் வியாபாரி வரை எல்லோரும் உண்டு.

மாதம் 30 சதம் என்றால் 1 லட்சத்துக்கு 30 ஆயிரம். நாலே மாதத்தில் முதல் திரும்பிவிடும். மளிகையில் ஒரு மூட்டைச் சர்க்கரைக்கு நமக்கு நிற்பது என்ன என்று நமக்குத் தெரியும். அப்படியிருக்க, "இந்த வட்டியைக் கொடுக்க இவர் செய்யும் வியாபாரம் எது? அந்தச் சரக்கு எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வியை நம்மவர்கள் கேட்டிருந்தால் போதுமே! சரக்கைக் கண்ணால் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுக்காத நாம், பணத்தையே சரக்காகக் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

1990களில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்தபோதே இந்தப் பாடம் நடத்தப்பட்டுவிட்டது. அதன் பிறகே 1997இல் முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் சொத்தை முடக்கலாம், ஏலம் விடலாம். போன பணம் முழுதாகவும் விரைவாகவும் கைக்கு வருவது அரிது. டெபாசிட் கேட்கும் நிறுவனம் எதுவானாலும், அதற்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியுள்ள "சாசெட்" தளத்தில் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். பேராசை பெரு நட்டம் என்பது பழமொழி மட்டுமல்ல, நம் வட்டாரத்தின் வழக்கு விவரமும் ஆகும்.

சரி, எந்தப் பங்கை வாங்குவது?

கொள்முதலும் கடனும் போக, ஐந்து, ஏழு ஆண்டுகளுக்குத் தொட வேண்டியதில்லை என்று மனமறிந்து சொல்லக்கூடிய பணம் இருந்தால், அதில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகலாம். வங்கி வட்டியை விலைவாசி தின்றுவிடுகிறது என்று பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1978-79ஐ 100 என்று வைத்துத் தொடங்கிய சென்செக்ஸ் 2024 ஜூலையில் 80,000ஐத் தாண்டியது. நீண்ட காலம் பொறுத்தவருக்குச் சந்தை கூலி கொடுத்திருக்கிறது.

ஆனால் எந்தக் கம்பெனி ஏறும் என்று கணிக்கும் வேலை நம் வேலையல்ல. நாம் கடையில் ஒரே சரக்கை மலைபோல் அடுக்குவதில்லை. ஐம்பது சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறோம். ஒன்று தேங்கினாலும் மற்றொன்று ஓடும். நிஃப்டி 50 பட்டியலில் உள்ள கம்பெனிகள் எல்லாவற்றிலும் அந்தந்த அளவில் பணம் போடும் இண்டெக்ஸ் ஃபண்டு அப்படிப்பட்டதுதான். செலவும் குறைவு. மாதந்தோறும் ஒரு தொகை போடுவதானால், அமோக வியாபாரம் நடக்கும் மாதத்தை அளவாக எடுக்காமல், ஆடி மாதத்து மந்தமான வியாபாரத்தை அளவாக எடுத்துத் தொகையை முடிவு செய்யுங்கள். அப்போதுதான் தவணை இடையில் நிற்காது.

வாட்ஸ்அப்பில் "நாளை இந்தப் பங்கு ஏறும்" என்று வரும் தகவலைக் கிழித்துப் போட முடியாது, அழித்துவிடலாம். ஆலோசனை சொல்பவர் செபியிடம் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் "ஐ.என்.ஏ." என்ற எழுத்துகளில் தொடங்கும். எண் சொல்லத் தயங்குபவரிடம் நமக்கு வேலையில்லை.

எஃப் அண்டு ஓ என்று சொல்லப்படும் முன்பேர வியாபாரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் நட்டமடைந்தார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபி 2024 செப்டம்பரில் ஆய்வறிக்கை வெளியிட்டது. நூறு மூட்டையில் 93 மூட்டை சொத்தை என்று தெரிந்தால் அந்தச் சரக்கை எவராவது இறக்குவார்களா?

சந்தை விழும்போது விற்றுவிடலாமா?

அந்தப் பணம் எப்போது வேண்டும் என்ற முதல் கேள்விக்கே திரும்புங்கள். ஏழு ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணமாக இருந்தால், இன்றைய விலை நமக்குச் செய்தி மட்டுமே. விழும் நாளில் பயந்து விற்பவர்களில் பலர், அவசரப் பணத்தைச் சந்தையில் போட்டவர்களாகவே இருப்பார்கள். தவறு விற்ற நாளில் நடக்கவில்லை, போட்ட நாளில் நடந்தது.

வங்கி, சீட்டு, தங்கம்?

வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாக இருந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சீட்டு நம் வணிகர்களின் பழைய தோழன். கொள்முதல் நேரத்தில் தள்ளி எடுக்க அது உதவும். ஆனால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டாக இருக்க வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்தின்படி 7 சதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவுச் சான்று கேட்பது அவமதிப்பாகாது.

தங்கத்தில் ஒரு நன்மை, அவசரத்துக்கு ஒரே நாளில் அடகு வைத்துப் பணம் புரட்டலாம். ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போதே ஒரு பங்கு கரைகிறது. அதைக் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குத் தெரிய வேண்டுமா?

இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. எனவே நாமே கேட்கிறோம். கடைப் பாக்கி யார் யாரிடம் என்று பேரேட்டில் இருக்கிறது. முதலீடு எங்கே என்று எதில் இருக்கிறது? கைப்பேசிக்குள் மட்டும் இருந்தால், அதன் பூட்டு நம்மோடு போய்விடும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கேட்கப்படாத டிவிடெண்டும், அதற்குரிய பங்குகளும் அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். திரும்பப் பெற வழி உண்டு என்றாலும், அந்த அலைச்சலை மனைவி மக்களுக்கு விட்டுச் செல்லலாமா? ஒவ்வொரு கணக்கிலும் வாரிசு நியமனம் செய்துவிடுங்கள். அப்பா காலத்துக் காகிதப் பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தால் டீமேட்டுக்கு மாற்றுங்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதமாக வைத்துக்கொண்டு விற்க முடியாது.

முடிவாக ஒன்று சொல்வோம். இந்தச் சித்திரையில் புதுக்கணக்குப் போடும்போது பேரேட்டில் மூன்று பக்கங்களை ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் ஓராண்டுக்குள் வேண்டிய பணம்: புளி, சாமை, பள்ளிக் கட்டணம், கடை வாடகை. இரண்டாம் பக்கத்தில் ஐந்து ஆண்டுக்குள் வேண்டியது: மகள் திருமணம், வண்டி, கட்டடம். மூன்றாம் பக்கத்தில் அதற்குப் பிறகு வேண்டியது. பங்குச் சந்தைக்கு மூன்றாம் பக்கத்திலிருந்து மட்டுமே பணம் போகட்டும். மூன்றாம் பக்கம் காலியாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் பக்கத்தை நிரப்பும் வேலையை முதலில் பாருங்கள்.

சரக்கிருப்பையும் நிலுவையையும் மனக்கணக்காகவே சொல்லக்கூடியவர்கள் நாம். அந்தக் கணக்கறிவை முதலீட்டுக்கும் பயன்படுத்தினால், முதலுக்கே மோசம் வராது. அடுத்த மாசியில் மரத்தடியில் தராசு பிடிக்கும்போது நம் மடியில் ரொக்கமும் இருக்கும்.