வாடைக்கு முன்னே வாடகை வீடு

"சித்தி, இந்த வீட்டிலே மழைக்காலத்தைத் தள்ள முடியுமான்னு எனக்குப் பயமா இருக்கு. ஒருதரம் வந்து பார்த்துட்டுப் போயேன்" என்று அக்கா மகள் போன் செய்தாள். கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பள்ளியில் டீச்சர். கையில் ஏழு மாதக் குழந்தை. கணவருக்கு நாமக்கல்லில் வேலை, சனிக்கிழமைதான் மலையேறுவார். புரட்டாசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, நானும் ஒரு பையில் பழைய துணி, சுத்தியல், ஒரு கட்டுக் கயிறு சகிதம் பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு! காரவள்ளி அடிவாரத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் பிடித்தவள், மேலே போய்த்தான் எடுத்தேன்.

வீடு பத்து வருஷத்துக்கு முன் கட்டியது. இரண்டு அறை, சிமெண்டுக் கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். வீட்டுக்காரப் பாட்டியை ஊரே ஆயா என்றுதான் கூப்பிடுகிறது. அவர் பக்கத்திலேயே தம் பழைய மண்சுவர் வீட்டில், கூரைக்குக் கீழே இருக்கிறார். "அது எனக்குப் பளகிப் போச்சு. புது வீடு வாடகைக்குத்தான்" என்றார் சிரித்துக்கொண்டே.

மலையில் வாடகை வீடு எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திசையை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். அந்தப் பக்கத்துக் காற்றைக் கொண்டல் என்று சும்மாவா சொன்னார்கள்! மழை ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில் வடக்கிலிருந்து வாடை. ராத்திரியில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான் நமக்கு எதிரி வாசல். தெற்கு ஜன்னல் கொஞ்சம் உடைந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஷீட்டைப் பிடித்திருக்கும் போல்டுகளின் வாஷர் வெயிலில் வெடித்துப் போயிருந்தது. ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும், ஷீட்டின் நடுவில் அல்ல. ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றச் சொல்லி, உள்ளே நின்று பார்த்தால் பத்தே நிமிஷத்தில் எல்லா ஓட்டையும் தெரிந்துவிடும். சாக்பீஸால் அடியில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம். ஒழுகாத கூரையிலிருந்தும் விடியற்காலையில் சொட்டும்! உள்ளே நாம் விடும் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த ஷீட்டில் பட்டு நீராகிச் சொட்டுவதுதான் அது. அதற்குத் தார் பூசிப் பயனில்லை. சமைக்கும்போது ஆவி வெளியே போக வழி வேண்டும். ஷீட்டின் மேல் ஏறுகிறேன் என்று பெண்கள் யாரும் கிளம்பிவிடாதீர்கள். பழைய ஷீட் காலை வாங்கிவிடும். பலகை போட்டு ஏறத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆள் வந்தார். கூலி யார் கொடுப்பது என்று கேள்வியும் வந்தது. "இருக்கறவங்கதானே பாத்துக்கணும்?" என்றார் ஆயா. எங்கள் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. 2017-இல் தமிழ்நாட்டில் வந்த வாடகைச் சட்டம் கூரை, சுவர் போன்ற கட்டடப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் வீட்டுச் சொந்தக்காரர் தலையிலும், குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, சாக்கடைச் சுத்தம் போன்றவற்றைக் குடியிருப்பவர் தலையிலும் வைக்கிறது. அது நகரங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். மலையில் போய் அதை ஆயாவிடம் படித்துக் காட்டவா முடியும்? ஆனால் அந்தப் பங்கீடு நியாயமானது. அதையே பேச்சாகப் பேசினோம். போல்டும் வாஷரும் ஆயா செலவு, கூலியை டீச்சர் கொடுத்து வாடகையில் இரண்டு தவணையாகக் கழித்துக்கொள்வது, வடிகால் வெட்டுவது டீச்சர் பொறுப்பு. ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்து. ஆயா, "நோட்டிலே எளுதிட்டா சண்டை கிடையாது" என்று தாமே சொன்னார்.

உள் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீரோவையும் அரிசி டின்னையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒட்டி வைத்தால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். ஈரச் சுவரில் பெயிண்ட் அடிக்கவே கூடாது, உரிந்து வந்துவிடும். சுண்ணாம்புதான் சரி. தீப்பெட்டியும் உப்பும் மூடியுள்ள டப்பாவில். தேங்காய் எண்ணெயை வாயகன்ற பாட்டிலுக்கு மாற்றினோம், உறைந்தபின் குச்சி விட்டுக் குடைய வேண்டாம் பாருங்கள். ஈரம் ஊறும் சுவரில் இருந்த பிளக்கை மாற்றி, எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் பார்க்கச் சொன்னோம். வெந்நீருக்கு வாளியில் கம்பி ஹீட்டர் போடும் பழக்கத்தை அன்றோடு நிறுத்தினாள். படுக்கை விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, மேலே இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு கீழே ஒற்றைப் பாயோடு படுப்பது. குளிர் தரையிலிருந்துதான் ஏறும். ஒரு கம்பளியைக் கீழே போடுங்கள்.

கடைசியாக, ரொம்பக் கெட்டிக்காரி மாதிரி, வடக்கு ஜன்னல் சந்துகளிலும் கதவின் அடியிலும் பழைய துணியைத் திணித்தேன். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வளைவுச் சந்துகளையும் விடவில்லை. அறை கதகதவென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை!

அன்று ராத்திரி தூறல். ஆயா ஒரு மண்சட்டி நிறையக் கனிந்த நெருப்பைக் கொண்டு வந்தார். "பச்சக் குளந்தய வச்சிருக்கீங்க, மூலையிலே இது இருக்கட்டும் சாமி." அந்த அன்பை எப்படி வேண்டாம் என்பது? புகைகூட இல்லையே என்று வாங்கி வைத்துக்கொண்டோம்.

எத்தனை மணியோ தெரியாது, எனக்கு மண்டையைப் பிளந்தது. மலைப் பாதையின் தலைசுற்றல் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். பக்கத்தில் அவள், "சித்தி, குமட்டுது" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தால் கால் நிற்கவில்லை. குழந்தையைத் தொட்டேன். வழக்கமாகத் தொட்டாலே சிணுங்குகிற பிள்ளை, துவண்டு கிடந்தது. அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. எப்படிக் கதவைத் திறந்தேனோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூறலிலேயே வெளியே ஓடினேன். சத்தம் கேட்டு வந்த ஆயாவின் மகன் வண்டி எடுத்தார். அரசு மருத்துவமனையில் மூன்று பேருக்கும் பிராணவாயு வைத்தார்கள். விடியும் நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகைகிற விறகாவது கண்ணைக் கரித்து நம்மை எழுப்பும். கனிந்த கரி எழுப்பாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவேயில்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'ஐயோ பாவம்' என்று பேப்பரை மடித்து வைத்தவள்தான் நான். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால், அது பித்தமும் அல்ல, ஜலதோஷமும் அல்ல. உடனே எல்லோரும் வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காற்று வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

ஆயா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "எங்க ஆத்தா காலத்திலிருந்து நெருப்புச் சட்டி வச்சுத்தானே தூங்கறோம்? ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே!" என்று அழுதார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். மண்சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழம் திறப்பு. கூரையே மூச்சு விடுகிறது. அங்கே தப்பித்துக்கொண்ட நெருப்பு, நான் துணி அடைத்த சிமெண்ட் அறையில் எமனாகிவிட்டது. "தப்பு உங்க சட்டியிலே இல்லே ஆயா, என் துணியிலே" என்றேன். ஆனாலும், மூடி அடைத்த அறை என்றில்லை, தூங்கும் அறை எதிலுமே இனி நெருப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். 'சரி' என்று தலையை ஆட்டினார். அவர் தம் வீட்டில் நிறுத்துவாரா என்பது சந்தேகம்தான்.

திணித்த துணிகளில் பாதியை நானே பிடுங்கினேன். வடக்கு ஜன்னல் அடைத்தபடி இருக்கட்டும். மேலே ஷீட்டின் கீழ்ச் சந்துகளும், தெற்கு ஜன்னலில் நாலு விரல் அகலமும் எப்போதும் திறந்திருக்கும். குழந்தையின் படுக்கைக்கு வெந்நீர்ப் பை. அதை முன்கூட்டியே வைத்துச் சூடாக்கி, படுக்கப் போடும்போது எடுத்துவிட வேண்டும். காலுக்குக் கம்பளி உறை, தலைக்குக் குல்லா. வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

கார்த்திகையில் போன் வந்தது. நாலு நாள் அடைமழையாம். கூரை ஒழுகவில்லை, கிழக்கு மூலையில் மட்டும் சுவர் கொஞ்சம் ஊறியிருக்கிறதாம், நோட்டில் எழுதியாயிற்றாம். சாயங்காலமானால் ஆயா சட்டியைக் கொண்டு வந்து திண்ணையில் வைக்கிறாராம். எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டு, படுக்கப் போகும்போது ஆயாவே தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் போகிறாராம்.