இரண்டு ஓட்டை

எடின்பரோவில் என் தம்பி வீடு. ஜூன் மாதம், ராத்திரி பத்து மணி, வெளியே இன்னும் வெளிச்சம். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் பிடித்து, கறுப்பு சைக்கிள் டியூபை அமுக்கிக்கொண்டிருந்தான் தம்பி மகன். இட்லித் தட்டுகள் கழுவ ஆளில்லாமல் ஓரமாகக் கிடந்தன. குமிழி வந்தது. ஒரு வரிசை இல்லை, பக்கத்திலேயே இன்னொரு வரிசையும்.

"இந்த வாரம் இது மூணாவது, பெரியப்பா."

பழக்கதோஷத்தில் நான் டயருக்குள் விரல் விட்டுத் துழாவினேன். முள் இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை. பையன் சிரித்தான். "உள்ளே ஒண்ணும் இருக்காது. இது ஸ்நேக் பைட்." பாம்பு கொத்தின மாதிரி, இரண்டு விரல் இடைவெளியில் இரண்டு கீறல். வெள்ளைக்காரனுக்குப் பாம்பு நினைவு வந்திருக்கிறது. எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடையில் இதற்கு 'ரிம் கட்' என்று பேர்.

அந்தக் கடையில் வண்டி எடுத்து, ட்ரிபிள்ஸ் போகமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, தெரு முனை திரும்பியதும் மூன்று பேர் ஏறிக்கொள்வோம். ஒரு நாள் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் ஒரு கல் மேல் பின்சக்கரம் 'டங்' என்றது. திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து, "ஆணி குத்திடுச்சு" என்றோம். கடைக்காரர் டியூபைக் கழற்றி, அலுமினியச் சட்டித் தண்ணீரில் ஒரு சுற்றுதான் விட்டார். "ஆணி ஒரு ஓட்டைதான் போடும். ரெண்டு இருக்கே? எத்தனை பேருடா ஏறினீங்க?" நாங்கள் மூவரும் ஒரே குரலில் "ஒருத்தர்தான்" என்றோம்.

அவர் சொன்னது சரி. காற்று குறைந்த டயர் ஒரு விளிம்பில் மோதும்போது ரப்பர் முழுக்க நசுங்கி, ரிம்மின் இரண்டு கரைகளும் டியூபைக் கல்லோடு சேர்த்துக் கடிக்கும். கரைக்கு ஒரு கீறல். ஒரு கீறல் மட்டும் இருந்தால் வண்டி சாய்ந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆக, அந்த ஓட்டையே ஓட்டியவனைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் கடைக்காரரிடம் இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போகாத அளவுக்குக் காற்று. பையனிடம் அந்தக் கதையோடு சேர்த்து இதையும் சொன்னேன். "அப்படி அடிச்சா நான் ஓட்டவே முடியாது" என்றான்.

அவனுடையது ட்ரையல்ஸ் சைக்கிள். சீட் கிடையாது, உட்கார வேலையும் இல்லை. பாறை, சுவர், மரக்கட்டை என்று தாவித் தாவி ஏறுவதுதான் ஓட்டம். கால் தரையில் படக் கூடாது. மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து பிறந்த விளையாட்டு இது. கட்டலோனியாவில் மொண்டெசா வண்டிகளை ஓட்டிப் பேர் வாங்கிய பேரே பீ, மோட்டார் சைக்கிள் ஓட்டும் வயது வராத தன் மகன் ஓட் பீக்காக மிதிவண்டியில் இந்தப் பயிற்சியை ஆரம்பித்தார். மகன் பிறகு உலக சாம்பியனானார். என் தம்பி மகனுக்குக் கிறுக்குப் பிடித்தது டேனி மெக்கஸ்கில் வழியாக. இதே எடின்பரோவில், கூரான கம்பி வேலியின் மேல் அவர் சைக்கிள் ஓட்டிய 2009ஆம் வருடத்து வீடியோவைப் பையன் எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று அவன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

இந்த ஓட்டத்தில் பின்டயர்தான் கால் பாதம். இரண்டரை அங்குல அகலம். காற்று கம்மியாக இருந்தால்தான் அது கல்லை அப்பிப் பிடிக்கும்; இறங்கும்போது பந்து மாதிரி எகிறாது. சாலைப் பந்தய சைக்கிளுக்கு 80, 90 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிற இடத்தில் இவன் பின்சக்கரத்தில் 18. மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸில் பின்டயருக்கு நாலைந்துதான். ஆனால் அது டியூப் இல்லாத தடித்த டயர், கடிக்க அங்கே ஒன்றும் இல்லை. இவனுக்கோ பிடிப்பு எதில் கிடைக்கிறதோ அதிலேயே பஞ்சரும் ஒளிந்திருக்கிறது. இந்த வம்புக்கெல்லாம் மூலமான, காற்றை டயருக்குள் அடைக்கும் யோசனைக்கு 1845இல் காப்புரிமை வாங்கிய ராபர்ட் வில்லியம் தாம்சன் ஸ்காட்லாந்துக்காரர். கடைசியில் இந்த எடின்பரோவில்தான் இறந்தார். அதை மறுபடி கண்டுபிடித்து 1888இல் காப்புரிமை வாங்கிய டன்லப்பும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பெல்ஃபாஸ்டில் தன் பையனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்தார். பையன்கள் பாடு அன்றைக்கும் அப்பன்மார் தலையில்தான்.

மறுநாள் போர்ட்டபெல்லோ கடற்கரைக்கு அவனோடு போனேன். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குத் தாவுகிறான். சரியாகத் தாவினால் பின்சக்கரம் சுவரின் மேல்தளத்தில் உட்காரும், முழங்கால் மடங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும், சத்தமே வராது. நாலு விரற்கடை குறைந்தால் டயர் நேராக விளிம்பில் போய் இடிக்கிறது. 'டங்.' அந்தச் சத்தம் ரிம்முடையது. உஸ்ஸென்று காற்று போவது அதற்கு அடுத்தது. பத்துத் தடவையில் இரண்டு தடவை அவன் எட்டாமல் இறங்கினான், அதுவும் களைத்த பிறகு. மேலேயிருந்து குதிக்கும்போது அப்படி இல்லை. கையையும் காலையும் நீட்டிப் பின்சக்கரத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரி இறங்கினான். என் கண்ணுக்கு அது பூனை.

சாமான் பக்கம் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. அவன் போட்டிருந்தது சாதாரண டியூப், ரப்பர் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. போதாததற்கு டயரைவிட ஒடுங்கின அளவு. அகல டயருக்குள் ஊதி விரியும்போது அது இன்னும் மெலிந்து இழுபட்டு நிற்கும். மலை இறக்கத்தில் ஓட்டுபவர்களுக்கான 1.5 மில்லிமீட்டர் டியூப் வாங்கினோம். கனம்தான், தாவுகிறவனுக்குக் கொஞ்சம் உறுத்தும். பக்கச் சுவர் இரட்டை அடுக்கு உள்ள டயர் நல்லது. விலையைப் பார்த்துத் தம்பி தீபாவளிக்குத் தள்ளிவைத்தான். பழைய டயரின் கம்பி விளிம்பை அறுத்துவிட்டு உள்ளே இன்னொரு தோலாகப் போடலாம் என்றேன், எங்கள் ஊர் வழக்கம். எடை கூடும் என்று பையன் மூக்கைச் சுளித்தான். டியூபுக்குப் பவுடர் தடவுவது பற்றி: தடவலாம், டியூப் டயரோடு ஒட்டாது, கழற்ற லேசு. கல் விளிம்புக்கு முன்னால் பவுடர் ஒன்றும் செய்யாது.

டியூபே இல்லாமல், ஓட்டையை அடைக்கும் பசைப்பால் ஊற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. இவ்வளவு குறைந்த காற்றில் பக்கவாட்டில் தாவும்போது டயர் ரிம்மை விட்டு விலகி ஏப்பம் விடுகிற மாதிரி காற்றைக் கக்கிவிடும். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

ஆனால் போன கோடையிலும் அதே சாதாரண டியூப், இதே 18 தானே? அப்போது ஏன் கடிக்கவில்லை? பம்பில் தம்பி ஒட்டிவைத்த காகிதம் இன்னும் இருக்கிறது: 'பின் 18'. போன வருடத்துக் கையெழுத்து. பையனைக் குளியலறைத் தராசில் ஏற்றினேன். 61 கிலோ. போன வருடம் பள்ளிக்கூடத்தில் எடுத்தபோது 52.

"மூணு பேர் ஏறின மாதிரிதான்" என்று நான் சிரிக்க, உள்ளேயிருந்து அவன் அம்மா, "வளர்ற பிள்ளையைக் கண்ணு வைக்காதீங்க" என்றாள்.

கைப்பம்பில் இருந்த முள் 160 வரை ஓடும் ரகம். அதில் 18க்கும் 22க்கும் வித்தியாசம் ஒரு மயிரிழை. குறைந்த காற்றை அளக்கிற சின்ன டிஜிட்டல் மானி வாங்கினோம். 23 வைத்தோம், "துள்ளுது" என்றான். 20க்கு இறக்கினோம், அன்று சாயங்காலமே 'டங்'. கடைசியில் தடித்த டியூபோடு 21. தம்பியின் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் பையனே புதுசாக எழுதி ஒட்டினான், பக்கத்தில் 61 கிலோ என்றும்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அதே சுவர். ஏழாவது தாவலில் மறுபடி எட்டவில்லை. 'டங்.' அப்படியே பின்சக்கரத்தில் நின்றான். நான் குனிந்து டயரில் காதை வைத்தேன். கடல் சத்தம்தான் கேட்டது.

அவன் வண்டியை இறக்கி, டயரைக் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே கேட்டான்: "பெரியப்பா, அந்தக் கடைக்காரர்கிட்ட கடைசியில உண்மையைச் சொன்னீங்களா?"

"இல்லடா. பஞ்சர் காசை மூணு பங்கா போட்டுக் கொடுத்தோம்."