வண்டிக்குள் இருக்கும் சாட்சி



அதிகாலை ஜெபத்திற்காக நான் எழும்பும் வேளையிலேயே ராசிங்காபுரத்துத் தெருமுனையில் ஜீப்புகளின் ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் மழைக்கோட்டுமாக நம் சகோதரிகள் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடி, முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் நாள் முழுதும் காய் எடுத்துவிட்டு, மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வீடு சேருவார்கள். ஒரு ஜீப் வரத் தாமதமானால் தெருவே வாசலில் வந்து நிற்கும். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சென்ற வாரம் ஆராதனை முடிந்தபின், புதிதாகக் கார் வாங்கியிருக்கும் வாலிபச் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். "பாஸ்டர் ஐயா, இப்போது வருகிற கார்களுக்குள் ஒரு பெட்டியை வைத்து நாம் ஓட்டுவதையெல்லாம் எழுதிக்கொள்ளுகிறார்களாம். விபத்து நடந்தால் அது நமக்கு விரோதமாகவே சாட்சி சொல்லுமாம். அதைக் கழற்றிவிட முடியாதா?" என்றார். அவருக்கு அப்போது சுருக்கமாக ஏதோ பதில் கூறி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி வீடுவரை என்னுடன் வந்தது.

முதலாவது, அது தனியாகக் கழற்றி எறியத்தக்க பெட்டியன்று. ஏர்பேக்கை எப்போது விரிக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற மின்னணுக் கருவிக்குள்ளேயே அமைந்த ஒரு நினைவுப் பகுதி அது. அதைப் பிடுங்கினால் உயிர் காக்கும் பையையும் சேர்த்தே பிடுங்கினவர்களாவோம். வண்டி ஓடுகையில் அது சில விநாடிகளின் விவரத்தை எழுதுவதும் அழிப்பதுமாகவே இருக்கும். நொடியில் ஆறிலொரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வண்டியின் வேகம் 8 கிலோமீட்டர் அளவுக்குத் திடீரென மாறினால், மோதல் நேர்ந்தது என்று அறிந்து, அதற்கு முந்தைய 5 விநாடிகளை அழிக்காமல் காத்துக்கொள்ளும். எவ்வளவு வேகம், ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருந்தது, பிரேக்கில் கால் இருந்ததா, சீட் பெல்ட் மாட்டப்பட்டிருந்ததா, மோதியபோது வேகம் எப்படிச் சரிந்தது என்பவையே அதன் சாட்சியம். நம் பேச்சை அது கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதுமில்லை.

அமெரிக்காவில் 2012 செப்டம்பர் முதல் இப்பதிவுகளுக்கு ஒரே அளவுகோல் நடைமுறையிலிருக்கிறது. அப்பதிவு வண்டியின் உரிமையாளருக்கே சொந்தம் என்று 2015-இல் அங்கே சட்டமும் இயற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் இதைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம்; ஏர்பேக் உள்ள வண்டிகளில் பலவும் மோதலின் விவரத்தை ஏதோ ஓர் அளவில் பதிந்துகொள்ளுகின்றன.

இப்படிப்பட்ட சாட்சியம் நம் தேசத்தில் பேசப்பட்ட ஒரு வழக்கு உங்கள் நினைவிலிருக்கலாம். 2022 செப்டம்பர் 4 அன்று, டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற மெர்சிடிஸ் கார், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் மோதியது. பின் இருக்கையிலிருந்த அவரும் மற்றொருவரும் மரித்தார்கள். இருவரும் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறிற்று. அந்தக் கார் சாரோட்டி சோதனைச்சாவடியைக் கடந்தது கேமராவில் பதிவாகியிருந்தது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரை அது 9 நிமிடங்களில் கடந்திருந்தது. கணக்கிட்டால் மணிக்கு 130-க்கும் மேல். பின்பு வண்டியின் பதிவை ஆராய்ந்து நிறுவனம் கொடுத்த அறிக்கையோ, விபத்துக்குச் சில விநாடிகளுக்கு முன் வேகம் 100 என்றும், பிரேக் அழுத்தப்பட்டது என்றும், மோதுகையில் 89 என்றும் கூறிற்று.

இவ்விரண்டில் எது பொய்? இரண்டுமே பொய்யாக இருக்கவேண்டிய அவசியமில்லை. கேமரா ஒன்பது நிமிடங்களை அறிந்திருந்தது. கார் கடைசி விநாடிகளை அறிந்திருந்தது. கேமராவை மாத்திரம் கேட்டிருந்தால் ஓட்டியவர் கடைசிவரை கண்மூடித்தனமாக விரைந்தார் என்போம். காரை மாத்திரம் கேட்டிருந்தால் அவர் நிதானமாகவே வந்தார் என்றிருப்போம். ஒரே சாட்சியின் வாக்கினால் ஒருவன்மேல் குற்றம் சுமத்தலாகாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்னும் உபாகமம் 19-ஆம் அதிகாரத்தின் நியாயம் இயந்திரத்துக்கும் பொருந்துகிறது என்றே நான் நினைக்கிறேன். பெட்டி சொல்லுகிறது, ஆகவே தீர்ந்தது என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. பெட்டியே வேண்டாம் என்பாரோடும் உடன்பாடில்லை.

(ஓட்டுகிற விதம் ஒருவனைக் காட்டிக்கொடுப்பது புதியதுமன்று. யெஸ்ரயேலின் கோபுரத்தில் நின்ற காவலாளன் ஆளின் முகம் தெரியாத தூரத்திலேயே, தேர் வருகிற வேகத்தைக் கண்டு அது யெகூவாக இருக்கவேண்டும் என்று அறிந்தான். 2 இராஜாக்கள் 9-ஐ வாசித்துப் பாருங்கள். நம் ஊரிலும் ஹாரன் சத்தத்தைக் கொண்டே இது இன்னாருடைய ஜீப் என்று சொல்லும் பாட்டிகள் உண்டு.)

இப்போது நான் வெட்கத்தோடு ஒன்றை அறிக்கையிடவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் ஊழியம் செய்தபோது, அறிமுகமான குடும்பம் ஒன்றின் வண்டி ஒரு முதியவரை மோதிவிட்டது. ஓட்டியது வீட்டு மகன். அவனுக்கு உரிமம் இல்லை. உரிமம் உள்ள வேறொருவரை ஓட்டுநராகக் காட்ட ஏற்பாடாயிற்று. "ஐயா ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டேஷனில் நம்புவார்கள்" என்று என்னை அழைத்தார்கள். நான் போகவில்லை. ஆனால் அது பாவம் என்று அவர்களிடம் சொல்லவுமில்லை. அன்று மாலை வழக்கம்போல அந்த வீட்டில் ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். அடிபட்ட முதியவருடைய வீட்டுக்கு நான் செல்லவேயில்லை. அந்த வண்டியில் இந்தக் கருவி இருந்திருந்தாலும் வேகத்தைச் சொல்லியிருக்கும், பிரேக்கைச் சொல்லியிருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யாருடைய கை என்பதைச் சொல்லியிராது. அதைச் சொல்லத்தக்கவர்கள் மனிதர்களாகிய நாங்களே. நாங்கள் வாய் திறக்கவில்லை.

ஆகவே அந்த வாலிபச் சகோதரருக்கு நான் சொல்ல விரும்புவது இது: உமது காரிலுள்ள சாட்சிக்குப் பயப்படாதேயும். சட்டம் இப்போது கடுமையாகியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டுவரை சிறை என்கிறது. முந்தைய சட்டத்தில் அது 2 ஆண்டாக இருந்தது. குறுக்கே வந்தவர்மேல் தவறு இருந்தும், பெரிய வண்டிக்காரன்மேலேயே கூட்டம் கைவைக்கிற நாட்டில், நீர் 40-இல் வந்தீர், பிரேக்கை மிதித்தீர் என்று பயமின்றிச் சொல்லும் ஒரு சாட்சி உமக்கு இருப்பது நல்லதே. விபத்து நேர்ந்தால் உடனே வண்டியைப் பட்டறையில் விட்டுப் பிரித்துவிடாமல், அந்தப் பதிவு பத்திரமாக எடுக்கப்படவேண்டும் என்று எழுத்தில் கேளும்.

என் மனம் உண்மையில் கலங்குவது ஜீப்புகளுக்காக. நம் சகோதரிகள் ஏறிச்செல்லும் பழைய வண்டிகளில் ஏர்பேக்கும் இல்லை, பதிவும் இல்லை. வசதியுள்ளவரின் காருக்குச் சாட்சி உண்டு. கூலிக்குப் போகிறவரின் வண்டிக்கு இல்லை. மலையிறக்கத்தில் ஜீப் கவிழ்ந்தால் "பிரேக் பிடிக்கவில்லை" என்று ஓட்டுநர் சொல்லுவார். "நியூட்ரலில் விட்டிருப்பான்" என்று ஊர் சொல்லும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குகிறவர்கள் உண்டு என்பதும், கியரின் உதவியில்லாமல் பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்பதும் மெய்யே. ஆனால் தேய்ந்த பிரேக்கை மாற்றித் தராத உரிமையாளரும் உண்டு. பதிவுக்கருவி ஒன்று இருந்திருந்தால், பிரேக் மிதிக்கப்பட்டும் வேகம் குறையவில்லை என்று அது காட்டியிருக்கும். ஓட்டுநருடைய பிள்ளைகள் தகப்பனைக் குறித்துத் தலைகுனிய நேரிட்டிராது.

யாத்திராகமம் 21-இல் முட்டுகிற மாட்டைக் குறித்த கட்டளையைக் கவனித்திருக்கிறீர்களா? மாடு முன்பு முட்டினதில்லையானால் எஜமான் குற்றமற்றவன். முட்டும் என்று அவனுக்கு முன்னமே அறிவித்திருந்தும் கட்டிவைக்காவிட்டால் அவனே குற்றவாளி. இதில் எல்லாம் ஒரு சொல்லைப் பற்றியே நிற்கிறது: அறிவித்திருந்தும். அறிவித்தார்கள் என்று நிரூபிப்பது எப்படி? பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் வாயால் சொன்னது காற்றோடு போய்விடுகிறது. ஐந்து விநாடிப் பதிவிலோ, இருக்கைக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றச் சொன்னவரின் குரலும் இராது, இரண்டாம் நடைக்கு அவசரப்படுத்தியவரின் பெயரும் இராது.

நம் சபையில் ஜீப் ஓட்டும் சகோதரர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பன்னிரண்டு நோட்டுப் புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். பிரேக் லைனிங் மாற்றிய தேதி, ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கை, புறப்பட்ட நேரம், உரிமையாளரிடம் சொன்ன பழுது ஆகிய நான்கை மாத்திரம் அதில் எழுதினால் போதும். அன்றன்று பயணம் செய்கிற சகோதரிகளில் ஒருவர் அதில் கையெழுத்திடட்டும். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெற்றுக்கொள்ளுங்கள். உரிமையாளர் யாராவது மனத்தாங்கல் கொண்டால், போதகர்தான் கொடுத்தார் என்று சொல்லுங்கள். இம்முறை நான் கூடவே வருவேன்.