ஆடு மிரண்டால் முறையிடலாம்

கடந்த கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை, என்னோடு வேலை செய்யும் ஆங்கிலேய நண்பர் ஒருவர் என்னை வேல்ஸ் மலைகளுக்குக் கூட்டிச் சென்றார். போர் விமானங்களைப் படம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. நான் வன்னியில் பிறந்தவன் என்பது அவருக்குத் தெரியும். கிபிர் என்றால் என்னவென்று தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை.

டொல்கெத்லாய், மகன்க்லெத் என்ற இரண்டு சிறிய நகரங்களுக்கு இடையில் உள்ள பள்ளத்தாக்குகளை ‘மாக் லூப்’ என்கிறார்கள். இது ஒலியின் வேகத்தைக் குறிக்கும் ‘மாக்’ அல்ல, மகன்க்லெத்தின் சுருக்கம். போர் விமானங்கள் இங்கே 250 அடி, அதாவது ஏறத்தாழ 76 மீற்றர் வரை தாழப் பறந்து பயிற்சி எடுக்கின்றன. வீதியோரம் காரை விட்டுவிட்டுச் செங்குத்தான சரிவில் மூச்சுவாங்க ஏறினால், விமானம் தலைக்கு மேலால் போகாது. கண்ணுக்கு நேரே போகும், சிலவேளை காலுக்குக் கீழேயும் போகும். அதற்காகத்தான் சனம் அங்கே ஏறுகிறது.

மடக்குக் கதிரை, தேநீர்ப் போத்தல், கையளவு வானொலி, முழங்கை நீளக் கமரா. பேரப்பிள்ளைகளோடு வந்த முதியவர்களும் இருந்தார்கள். மூன்று மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. ஒருவர் இரைச்சலை மட்டும் வைத்து இது என்ன விமானம், எங்கிருந்து வருகிறது என்று சொல்வாராம். எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கே அந்தக் கலை தெரியும். கிபிரின் கிழிப்பு வேறு, மிக்கின் உறுமல் வேறு, வண்டின் இரைச்சல் வேறு. வண்டு சுற்றினால் பிறகு கிபிர் வரும் என்பதும் தெரியும். அதற்காக எங்களை யாரும் பாராட்டியதில்லை.

பிறகு வந்தது. மலை மறைத்திருந்ததால் சத்தம் முன்கூட்டி வரவில்லை. வளைவில் இரண்டு எஃப்-35 விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. சுற்றி நின்றவர்கள் கூவினார்கள். நான் புல்லில் குப்புறக் கிடந்தேன். நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கைகளை ஊன்றி, வாயைத் திறந்து, காதுகளைப் பொத்தியபடி. பள்ளிக்கூடத்தில் பழக்கியபடியே. கால் வழுக்கிவிட்டதா என்று நண்பர் கேட்டார். ஓம் என்றேன்.

அன்றிரவு பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் அறிவித்தல்களை வாசித்தேன். 250 அடிக்கும் கீழே பறக்கும் பயிற்சிக்கு ஒதுக்கிய பகுதிகளுக்கு நேர அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். சத்தம் தொந்தரவென்றால் முறையிடலாம். ஆடு மிரண்டு காயப்பட்டால் விவசாயி இழப்பீடு கோரலாம். இதை நான் கேலி செய்யவில்லை. ஒரு அரசு தன் விமானத்துக்குக் கீழே இருப்பவருக்குப் பொறுப்புச் சொல்வது இப்படித்தான் இருக்கவேண்டும்.

எங்களுக்கும் ஒருமுறை அறிவித்தல் வந்தது. 1995 யூலையில் வலிகாமத்தில் படை நகர்வு தொடங்கியபோது, கோயில்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சமடையுமாறு மக்களிடம் கூறப்பட்டது. யூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது குண்டு விழுந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பாடசாலை மாணவிகள். இந்த இரண்டுக்கும் இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

நாங்கள் இலங்கை அரசிடம் மட்டும்தான் கேட்டோம். விற்றவர்களிடம் கேட்கவில்லை. கிபிர் இஸ்ரேலில் செய்தது, அதன் இயந்திரம் அமெரிக்க வடிவமைப்பு. 1996இல் இலங்கைக்கு வந்தது. முறைப்பாட்டை எந்த நாட்டின் எந்த அமைச்சுக்கு அனுப்புவது?

இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. நான் மலையில் பார்த்த எஃப்-35 ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 வீதம் பிரித்தானியாவில் செய்யப்படுவது. அதே வகை விமானங்களை இஸ்ரேல் காசாவில் பயன்படுத்துகிறது. 2024 செப்டெம்பரில் பிரித்தானிய அரசு இஸ்ரேலுக்கான ஏறத்தாழ 350 ஆயுத ஏற்றுமதி அனுமதிகளில் 30 அளவிலானவற்றை நிறுத்தியது. சர்வதேச மனிதாபிமானச் சட்டம் கடுமையாக மீறப்படும் ஆபத்து இருப்பதாக அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் எஃப்-35 உதிரிப்பாகங்களுக்கு விலக்களித்தது. அவை பல நாடுகளுக்கும் பொதுவான தொகுப்புக்குப் போகின்றன, எந்தப் பாகம் எங்கே போய்ச் சேரும் என்று பிரிக்க முடியாது என்பது காரணம். பலஸ்தீன அமைப்பான அல்-ஹக் வழக்குத் தொடுத்தது. 2025 யூன் 30இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இது நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொல்லும் நிர்வாகம் முடிவெடுக்கவேண்டிய விடயம், நீதிமன்றத்துக்குரியதல்ல என்றது.

அதாவது வேல்ஸ் ஆட்டுக்கு ஒரு முகவரி இருக்கிறது. அதே வகை விமானத்துக்குக் கீழே கான் யூனிஸில் இருக்கும் பிள்ளைக்கு அது இல்லை. பொறுப்பைப் பதினைந்து வீதம், இருபது வீதம் என்று நாடுகளுக்குள் பிரித்துக்கொண்டால் முழுப் பொறுப்பு யாரிடமும் இருக்காது. எங்களுக்கு நடந்ததும் இதுதான். வித்தியாசம், இப்போது எங்களில் பலர் அந்த வீதங்களுக்கு வரி கட்டும் நாடுகளில் வாக்காளர்களாக இருக்கிறோம். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மே மாத நினைவேந்தலுக்கு வரச்சொல்லிக் கேட்கிறோம். உதிரிப்பாகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை.

நண்பர் தான் எடுத்த படமொன்றை அனுப்பியிருந்தார். விமானியின் தலைக்கவசம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது, ஒரு கை உயர்ந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா.

“அவன் உங்களைக் கண்டவனோ, தம்பி?”

“ஓம் அம்மா. கையும் காட்டினவன்.”

“அப்ப இவங்களுக்குக் கீழ நிக்கிற ஆக்களைத் தெரியும்,” என்றுவிட்டு, போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.